எருசலேம் சிலுவைப்பாதை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தவக்காலம் தொடங்கிவிட்டால் எருசலேம் போகிறவர்களும் போகாதவர்களும் ஒரே கேள்வியைத் தனித்தனியாக அனுப்புகிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். இயேசு சிலுவை சுமந்து நடந்ததாக நினைவுகூரும் தெருதான் சிலுவைப்பாதை. அந்தப் பாடுகளின் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நின்று ஜெபிக்கும் இடம் ஒரு 'நிலை'. தமிழ்ப் பயணக் குழுக்களை அந்தத் தெருவில் நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. விசா, விமான டிக்கெட், ஓட்டல் அறை பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. அப்புறம், நான் ஃபாதர் இல்லை. அண்ணன் என்றே கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர் சகோதரி: அண்ணா, பாதை மொத்தம் எவ்வளவு தூரம்? 14 நிலையும் தெருவிலேயே இருக்கிறதா?

சுமார் 600 மீட்டர்தான். பழைய நகரத்தின் கிழக்கே சிங்க வாசல் பக்கம் தொடங்கி, மேற்கே திருக்கல்லறைக் கோயிலில் முடியும். முதல் 9 நிலைகள் தெருவோரம். 10 முதல் 14 வரை கோயிலுக்குள். ஜெபிக்காமல் நடந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜெபித்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறுபடியும் சொல்வேன்: தெரு நடுவில் நிற்காதீர்கள். அது கடைத்தெரு, ஆட்கள் குடியிருக்கும் இடம். சரக்கு ஏற்றிய தள்ளுவண்டிகள் இறக்கத்தில் வேகமாக வரும். படிகளின் ஓரத்தில் சாய்தளம் போட்டிருப்பதே அந்த வண்டிகளுக்காகத்தான். நம்மவர்கள் அந்தச் சாய்தளத்தில்தான் வரிசையாக நின்று ஜெபமாலை சொல்வார்கள். ஓரமாக, சுவரை ஒட்டி நில்லுங்கள்.

சென்னை கல்லூரி மாணவர்: வெள்ளிக்கிழமை ஊர்வலம் எத்தனை மணிக்கு?

குளிர்காலத்தில் மாலை 3 மணி, கோடைக்கால நேரம் இருக்கும்போது 4 மணி. பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். முதல் நிலை அல் ஒமரியா என்ற பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் இருக்கிறது. அது முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. வகுப்பு நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஊர்வலத்தோடு போனால் உள்ளே போகலாம், அந்த லாபமும் உண்டு. புனித வெள்ளியன்று மட்டும் நேரம் வேறு, அந்த வருட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: ஏன் சரியாக 14? ஏழு, பன்னிரண்டு என்று வேதாகம எண் எதுவும் இல்லையே?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

14 நிலைகள் எருசலேமில் பிறந்து உலகத்துக்குப் போனதாகத்தான் நாம் நினைக்கிறோம். பாதி உண்மை. 380களில் எகேரியா என்ற பெண் அங்கே போய் எழுதி வைத்திருக்கிறார். அப்போது பெரிய வியாழன் இரவு ஒலிவ மலையிலிருந்து கெத்சமனி வழியாக மக்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி, விடியும் நேரத்தில் நகரத்துக்குள் நுழைந்து, இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரிக்குப் போனார்கள். நிலை, எண்ணிக்கை எதுவும் கிடையாது. 1342இல் போப் ஆறாம் கிளமெந்து புனித இடங்களின் காவலைப் பிரான்சிஸ்கன் சபையாரிடம் அதிகாரபூர்வமாகக் கொடுத்த பிறகு, பயணிகளைக் கூட்டிப்போவது அவர்கள் பொறுப்பானது. 1458இலும் 1462இலும் போய்வந்த வில்லியம் வே என்ற ஆங்கிலேயர்தான் இந்த இடங்களை 'நிலைகள்' என்று எழுதுகிறார். அந்தக் காலத்தில் வழக்கமாக எந்தப் பக்கம் நடந்தார்கள் தெரியுமா? கல்வாரியில் தொடங்கி, இயேசுவுக்குத் தீர்ப்பு சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவின் வீட்டை நோக்கி. நாம் நடப்பதற்கு நேர் எதிர்.

இதற்கிடையில் ஐரோப்பாவில், எருசலேம் போக முடியாதவர்கள் ஊரிலேயே பாதை அமைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்கில் ஆடம் கிராஃப்ட் செதுக்கியதில் ஏழு நிலைகள்தான். 1584இல் அட்ரிகோமியஸ் என்பவர் எருசலேம் பற்றி வெளியிட்ட நூலில் 12 நிலைகள் வருகின்றன. நம் முதல் 12 நிலைகளும் அதே வரிசைதான். அவர் புத்தகம் பல மொழிகளில் போனது. அதைப் படித்துவிட்டு எருசலேமுக்கு வந்தவர்கள் "இந்த நிலை எங்கே, அந்த நிலை எங்கே" என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க, தெருவில் அந்தந்த நிலைக்கு இடம் அமைந்தது. 1686இல் போப் பதினோராம் இன்னொசெந்து, பிரான்சிஸ்கன் கோயில்களில் நிலைகளை வைக்க அனுமதித்தார். 1731இல் போப் பன்னிரண்டாம் கிளமெந்து எல்லாக் கோயில்களுக்கும் அதை விரித்து, எண்ணிக்கையை 14 என்று நிறுத்தினார். புனித லியோனார்டு என்ற பிரான்சிஸ்கன் துறவி இத்தாலி முழுக்கச் சுற்றி 572 சிலுவைப்பாதைகளை நிறுவினார். ரோமின் கொலோசியத்தில் 1750இல் வைத்ததும் அவர்தான். உங்கள் ஊர்க் கோயில் சுவரில் மாட்டியிருக்கும் 14 படங்களும் அந்த வரிசையில் வந்தவைதான்.

திருச்சி சகோதரர்: ஃபாதர், சிலுவை நாங்களே கொண்டுபோக வேண்டுமா?

ஃபாதர் இல்லை. மரச்சிலுவை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், குழுத் தலைவர் ஏற்பாடு செய்வார். முறை வைத்துத் தூக்குங்கள். சிலுவையோடு தெரு நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. சகோதரர்: ஐயா, வெரோணிக்காள் வேதத்தில் எங்கே இருக்கிறார்? மூன்று முறை விழுந்ததும் எங்கே எழுதியிருக்கிறது?

எங்கேயும் இல்லை. மூன்று விழுதல்கள், தாயைச் சந்தித்தது, இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காள் என்று ஐந்து நிலைகள் மரபிலிருந்து வந்தவை. கத்தோலிக்கத் திருச்சபையே இதை மறைக்கவில்லை. போப் இரண்டாம் ஜான் பால் 1991 புனித வெள்ளியன்று கொலோசியத்தில் நற்செய்தியில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் கொண்ட 14 நிலைகளை வைத்து நடந்தார். உங்கள் சபையில் லெந்து நாட்களில் அந்த வரிசையைப் பின்பற்றலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தூத்துக்குடி வாசகி: அண்ணா, இயேசு நடந்த அதே கற்களில்தான் நாம் நடக்கிறோமா? அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துவரலாமா?

இல்லை. முதல் நூற்றாண்டுத் தெரு இப்போதைய தரைக்குச் சில மீட்டர் கீழே இருக்கிறது. 2ஆம் நிலைக்கு அருகே சீயோன் சகோதரிகள் மடத்தில் காட்டும் கல்தளமும், தெருவுக்கு மேலே நிற்கும் 'இதோ மனிதன்' வளைவும்கூட இரண்டாம் நூற்றாண்டில் ஹட்ரியன் பேரரசன் காலத்தவை. அந்தக் கல்லில் ரோமப் போர்வீரர்கள் விளையாடக் கீறிய கோடுகளைக் காட்டுவார்கள். பாருங்கள், அழகாக இருக்கும். ஆனால் இயேசுவுக்கு நூறு வருடம் பிந்தியது.

மண் எடுக்காதீர்கள். கல்லைச் சுரண்டாதீர்கள். 5ஆம் நிலையில் சுவரில் ஒரு கல், கை வைத்து வைத்தே குழிந்து வழவழப்பாக இருக்கிறது. இயேசு கை ஊன்றிய இடம் என்று சொல்வார்கள். தொட்டுக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

நாகர்கோவில் உபதேசியார்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எல்லாமே பொய் என்று ஆகிறதே. எளிய மக்களின் விசுவாசத்தைக் குலைக்கிறீர்கள். முதல் நிலை பிலாத்துவின் அரண்மனை இல்லையா?

பொய் என்று நான் எங்கே சொன்னேன், உபதேசியாரே? சரி, இதையும் திறந்தே பேசிவிடுவோம்.

முதல் நிலை இருக்கும் இடம், ரோமப் படை தங்கிய அந்தோனியா கோட்டை நின்ற இடம். பிலாத்து அங்கே தீர்ப்பு சொன்னான் என்று வைத்துத்தான் பாதை அங்கே தொடங்குகிறது. ஆனால் பிலாத்து வழக்கமாகக் குடியிருந்தது கடற்கரை நகரமான செசரியாவில். பண்டிகைக்கு எருசலேம் வந்தால் ஆளுநர்கள் தங்கியது ஏரோதின் அரண்மனையில். அது மேற்கே, இன்றைய யாஃபா வாசல் பக்கம், தாவீதின் கோபுரம் என்று சொல்லும் கோட்டையை ஒட்டி இருந்தது. பிலாத்து அந்த அரண்மனையில் கேடயங்களை வைத்ததை அதே காலத்து யூத எழுத்தாளர் அலெக்சாந்திரியா பிலோ எழுதியிருக்கிறார். பின்னால் வந்த ஃபுளோருஸ் என்ற ஆளுநர் 66இல் அதே அரண்மனையில் தங்கி, அதன் முன்னே நியாயாசனம் போட்டு உட்கார்ந்ததை யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எருசலேமிலேயே வாழ்ந்த தொமினிக்கன் குருவானவர் மர்ஃபி ஓகானர் உட்படப் பல அறிஞர்கள் இதனால்தான் உண்மையான வழி மேற்கிலிருந்து வந்திருக்கும் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

பாளையங்கோட்டை சகோதரர் (மறுபடியும்): அப்படியானால் நாங்கள் சொல்வதுதான் சரி. கல்லறையும் அங்கே இல்லை. தமஸ்கு வாசலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறைதான் உண்மையானது. திருக்கல்லறைக் கோயில் ஊருக்குள் இருக்கிறது, இயேசு பாடுபட்டது வாசலுக்குப் புறம்பே!

அவசரப்படாதீர்கள். தொடக்கம் சந்தேகம் என்றால் முடிவும் சந்தேகம் என்று ஆகாது. என் குழுக்களில் இரண்டு பக்கத்தாரும் செய்கிற தவறு இதுதான்: பாதை முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று நம்புவது, இல்லை தூக்கிப்போடுவது.

கோயில் இன்று மதிலுக்குள் இருக்கிறது, சரி. இயேசு காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியே கிடந்த பழைய கல்குவாரி. ஏரோது அகிரிப்பா ராஜா 41க்கும் 44க்கும் இடையில் புது மதில் எழுப்பத் தொடங்கியபோதுதான் அது உள்ளே வந்தது. கான்ஸ்டன்டைன் பேரரசன் காலத்தில், 300 வருடம் கழித்து, ஊர்க் கிறிஸ்தவர்கள் ஹட்ரியன் கட்டிய ரோமத் தெய்வக் கோயிலுக்கு அடியில்தான் கல்லறை என்று சொன்னார்கள். அப்போது அது நகரத்தின் நட்ட நடு. புதிதாக இடம் கற்பிக்க நினைத்தவன் வேதத்துக்குப் பொருந்தாத, இடிக்கவும் செலவாகும் அந்த இடத்தையா காட்டியிருப்பான்? ஏதோ ஒரு பழைய நினைவு அவர்களிடம் இருந்திருக்கிறது. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் பின்னால் சீரிய சபையாரின் இருட்டான அறை ஒன்று உண்டு. மெழுகுத்திரியோ போன் வெளிச்சமோ இருந்தால் குனிந்து பாருங்கள்: பாறைக்குள் நீளமாகக் குடைந்த முதல் நூற்றாண்டு யூதக் கல்லறைக் குழிகள். பிணம் வைக்கும் இடம் ஊருக்குள் இருக்க யூதர்கள் விடமாட்டார்கள். அப்போது அது ஊருக்கு வெளியே என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தோட்டக் கல்லறையை 1883இல் பிரபலமாக்கியவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஜெனரல் கோர்டன். பக்கத்துப் பாறை மண்டையோடு போலத் தெரிந்தது என்பதுதான் காரணம். தொல்லியலாளர் கேப்ரியல் பர்காய் ஆராய்ந்து, அது கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுக் கல்லறை என்று சொன்னார். யோவான் சொல்வது ஒருவரும் வைக்கப்படாத புதுக் கல்லறை. தோட்டம் அமைதியானது, உட்கார்ந்து ஜெபிக்க அருமையான இடம். போய்வாருங்கள். கல்லறை அதுதான் என்று மட்டும் சண்டைக்கு வராதீர்கள்.

நாகர்கோவில் உபதேசியார்: அப்போ இருவரும் தவறு, நீங்கள் மட்டும் சரியா? தெரு தப்பு என்று தெரிந்தே ஏன் ஆட்களை அதே தெருவில் நடத்துகிறீர்கள்?

ஏனென்றால் நூற்றாண்டுக் கணக்கில் கிறிஸ்தவர்கள் ஜெபித்து நடந்த தெரு அது. போலந்து ராணுவ வீரர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காசு போட்டு 3ஆம் நிலைச் சிற்றாலயத்தைச் செப்பனிட்டார்கள். சொந்த நாடு எதிரி கையில் இருந்தபோது அவர்களுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அவர்களிடம் போய் அந்தோனியா கோட்டையா ஏரோது அரண்மனையா என்று கேட்பீர்களா? உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றி நடக்கும்போது அது எருசலேம் இல்லை என்று தெரிந்துதானே முழங்காலிடுகிறீர்கள்? இந்த வாக்குவாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கோவை வாசகர்: கோயில் சாவி முஸ்லிம்களிடம் இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. ஜூதே குடும்பம் சாவி வைத்திருக்கிறது, நுசெய்பே குடும்பம் கதவு திறக்கிறது.

திருநெல்வேலி சகோதரி: ஃபாதர், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?

மேலே இருக்கிறது.

வேலூர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: 9ஆம் நிலை கூரை மேல் என்கிறார்களே, எப்படி?

கான் அல் செய்த் என்ற கடைத்தெருவிலிருந்து அகலமான படி ஏறினால், எகிப்தியக் கிறிஸ்தவர்களான கோப்டிக் சபையார் வாசலில் ஒரு ரோமத் தூண் நிற்கும். அதுதான் 9. பக்கத்துச் சின்னக் கதவுக்குள் நுழைந்தால் திருக்கல்லறைக் கோயிலின் கூரைக்கே வந்துவிடுவீர்கள். மண் பூசிய குடில்களில் எத்தியோப்பியத் துறவிகள் வாழ்கிறார்கள். அந்த இடம் யாருக்கு என்று கோப்டிக் சபைக்கும் அவர்களுக்கும் நெடுநாள் வழக்கு. 2002இல் கோப்டிக் துறவி ஒருவர் வெயிலுக்காக நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அது அடிதடியாகி 11 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதனால் அங்கே கிடக்கும் நாற்காலி எதையும் தொடாதீர்கள். கேலியாகச் சொல்லவில்லை. அங்கிருந்து எத்தியோப்பியச் சிற்றாலயங்கள் வழியாகக் கீழே இறங்கினால் கோயில் முற்றம்.

ராமநாதபுரம் சகோதரர்: அரசு மானியம் எவ்வளவு? இப்போது போவது பாதுகாப்பா?

மானியத்துக்கு மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகம். பாதுகாப்புக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பு. முதல் பத்தியைப் படித்தீர்களா?

காரைக்கால் வாசகர்: அண்ணன், 7ஆம் நிலையில் குழுப் படம் எடுக்கலாமா?

அது இரண்டு சந்தைத் தெரு சந்திக்கும் முனை. தள்ளுவண்டி, தெரு நடுவு... முடிவை நீங்களே எடுங்கள்.

கும்பகோணம் சகோதரி: அம்மாவுக்கு வயது 74, மூட்டு வலி. எல்லாம் நடக்க முடியாது. என்ன செய்யலாம்?

கிழக்கிலிருந்து நடத்த வேண்டாம், 5ஆம் நிலையிலிருந்து ஏற்றம்தான். யாஃபா வாசலில் இறங்கி, கிறிஸ்தவர் தெரு வழியாகக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். பெரும்பாலும் இறக்கம், இடையில் சில படிகள் உண்டு, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கற்கள் வழுக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு போடட்டும். கோயிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் கல்வாரிக்கு ஏறும் படி மிகச் செங்குத்து. அம்மாவை ஏற்ற வேண்டாம். அதற்கு நேர் கீழே ஆதாம் சிற்றாலயம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் கல்வாரிப் பாறையும் அதன் வெடிப்பும் தரை மட்டத்திலேயே தெரியும். 10 முதல் 13 வரை அங்கே உட்கார்ந்து சொல்லட்டும். பிறகு கல்லறைக்குப் போங்கள். வரிசை நீளமாக இருக்கும். காலையில் கோயில் திறந்த உடனே போய்விட்டால் நிற்கும் நேரம் குறையும். மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள், கூரை மேல் மட்டும் விரிக்காதீர்கள்.