பாட்டுக்கு விலை உண்டு, பென்டிரைவுக்கு லைசென்ஸ் கிடையாது

கேள்வி: கொருக்குப்பேட்டையில் சின்னதாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, ஆடியில் அம்மன் கோயில் கூழ் ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் போவேன். மொபைல் கடையில் 200 ரூபாய் கொடுத்து பென்டிரைவில் பாட்டு ஏற்றிக்கொள்வது வழக்கம். அது தப்பு என்று அக்கா பையன் ஓர் ஆப்பில் சந்தா கட்டிக் கொடுத்தான். அதில் டவுன்லோடு செய்த பாட்டு பென்டிரைவுக்கு வர மாட்டேன் என்கிறது. இதற்கிடையில் ஒருவர் 'லைசென்ஸ் பென்டிரைவ், சர்டிபிகேட்டோடு 3,500 ரூபாய்' என்கிறார். வாங்கலாமா? முறைப்படி வாங்கினால் ஒரு பாட்டு என்ன விலை சார்?

பதில்: அந்த 3,500 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சந்தா ஆப்பில் 'டவுன்லோடு' என்று போட்டிருந்தாலும் அது வாடகைப் பாட்டுதான். நெட் இல்லாத இடத்திலும் அந்த ஆப்புக்குள் கேட்கலாம், அவ்வளவே. கோப்பு பூட்டியே இருக்கும். ஸ்பாட்டிஃபையில் சந்தா ஓடிக்கொண்டிருந்தாலும், 30 நாளைக்கு ஒரு முறையாவது நெட்டில் இணையாவிட்டால் பாட்டு நின்றுவிடும். ஆப்பே கடையைச் சாத்தினால் எல்லாமே போச்சு. 2024-ல் ஏர்டெல்லின் விங்க் ஆப் அப்படித்தான் மூடியது.

விலைக்கு வாங்குவது வேறு. ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்து மறு வருடமே மூடியது. ஆனால் அங்கே வாங்கிய எம்பி3 இன்றைக்கும் ஓடும். இப்போது வாங்க வேண்டுமென்றால் ஆப்பிளின் ஐடியூன்ஸ் இருக்கிறது. 2012 டிசம்பரில் அது இந்தியாவுக்கு வந்தபோது ஒரு பாட்டு 7 முதல் 15 ரூபாய். இன்றைய விலை பாட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும். 15 ரூபாய் என்று வைத்தால் 300 பாட்டுக்கு 4,500. ஆனால் கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பது நூறு பாட்டுக்குள் அடங்கிவிடும். அதை மட்டும் முதலில் வாங்குங்கள், 1,500 ரூபாய். ஐபோன் வேண்டாம், விண்டோஸ் கணினி போதும். 2009-லேயே பூட்டை எடுத்துவிட்டார்கள். ஒரே தொல்லை, கோப்பு எம்4ஏ வகையில் வரும். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் உள்ள யுஎஸ்பி பிளேயர் மலிவு ரகமாக இருந்தால் எம்பி3 தவிர வேறொன்றும் படிக்காது, சத்தமே வராது. ஐடியூன்ஸ் மென்பொருளிலேயே எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளலாம், அக்கா பையனுக்குத் தெரியும்.

ஐடியூன்ஸ் கடை விதியில் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதியிருப்பார்கள். மைக் செட்காரருக்கென்று ஒரு கடையை இந்தக் கம்பெனிகள் திறந்திருந்தால் நான் ஏன் இவ்வளவு எழுதப் போகிறேன்?

கானா பாட்டு என்றால் வழி சுலபம். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் பாடுகிறவர்களிடமே நேராகக் கேளுங்கள். ஜிபேயில் காசு போட்டு, கோப்பையும் 'நிகழ்ச்சியில் போடலாம்' என்ற ஒரு வரியையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டை ஏதாவது யூடியூப் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, லைசென்ஸ் பென்டிரைவ். பாட்டை வாங்குவதற்கு ஒரு காசு, அதைக் கூட்டத்தில் போடுவதற்கு இன்னொரு காசு. இந்த இரண்டாவது உரிமை நிகழ்ச்சிக்கோ இடத்துக்கோ தருவது, பென்டிரைவில் ஏறாது. ஹாலோகிராம் ஸ்டிக்கர், சிங்க முத்திரை, நோட்டரி கையெழுத்து என்று காட்டுவார்கள். கையெழுத்து யாருடையது என்பதற்குத்தான் நோட்டரி சாட்சி, பாட்டு யாருடையது என்பதற்கா? உள்ளே இருப்பது அதே மொபைல் கடைச் சரக்கு. 200 ரூபாய் பாட்டு, 3,300 ரூபாய் ஸ்டிக்கர். நாளைக்குப் பிடிபட்டால் கேஸ் உங்கள் மேல்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

இன்னொரு கோஷ்டி கல்யாண மண்டப வாசலிலேயே வந்து 'பாட்டு போட லைசென்ஸ் இருக்கா' என்று கேட்கும். இங்கேதான் நீங்கள் பயப்படக் கூடாது. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவு, மத நிகழ்ச்சிகளில் பாட்டு ஒலிபரப்ப விலக்கு தருகிறது. அதன் விளக்கத்தில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தையொட்டிய மற்ற விழாக்களும் சேர்ந்தவை என்றே எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் எல்லாம் அதற்குள் வரும். மண்டபமா, தெருப் பந்தலா என்று அந்த விளக்கம் பிரித்துப் பேசவில்லை. ஆனாலும் வசூல் நிற்காததால் 2023 ஜூலையில் மத்திய அரசே, கல்யாணங்களுக்கு ராயல்டி கேட்கக் கூடாது என்று அறிவிப்பு போட வேண்டி வந்தது. சட்டத்தில் உள்ளதைத் திரும்பச் சொல்ல ஓர் அறிவிப்பு! அம்மன் கோயில் பூஜையும் கூழும் மத நிகழ்ச்சி, சந்தேகமில்லை. மஞ்சள் நீராட்டைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதுவும் சடங்குதானே என்பது என் கட்சி, ஆனால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். இன்னொன்று, விலக்கு பாட்டைப் போடுவதற்குத்தான். மொபைல் கடையில் காப்பி அடிப்பதற்கு இல்லை.

கடைத் திறப்பு, நியூ இயர் ஆட்டம் இதெல்லாம் விலக்கில் வராது. ஒலிப்பதிவுக்கு, அதை வெளியிட்ட கம்பெனிகள் என்று ஒரு பக்கம், வரிக்கும் மெட்டுக்கும் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக வசூலிக்கும் ஐபிஆர்எஸ் சங்கம் என்று இன்னொரு பக்கம் போக வேண்டும். யார் எதற்கு வசூலிக்கலாம் என்பதே வருடக்கணக்காகக் கோர்ட்டில் கிடக்கிறது. இரண்டாயிரம் ரூபாய் வாடகை வாங்கும் மனிதர் இதில் எந்தக் கதவைத் தட்டுவார்? லைசென்ஸை விழா நடத்துபவர் பெயரிலேயே எடுக்கச் சொல்லி, அதை உங்கள் பில்லிலும் எழுதிவிடுங்கள்.

அந்த பென்டிரைவ்காரர் மறுபடி வந்தால் எந்தக் கம்பெனிப் பாட்டு, எந்தத் தேதி, எந்த நிகழ்ச்சி என்று ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது கேளுங்கள். எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் அடித்தால் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், கல்யாண ஆர்டர் எடுக்கும்போது அட்வான்ஸோடு ஒரு பத்திரிகையும் வாங்கி மைக் பெட்டியில் போட்டு வையுங்கள். மண்டப வாசலில் கேட்கிறவருக்குக் காட்ட அது போதும்.