பொதுக் கணினியில் யாருக்கு எவ்வளவு? வாசகர் கேள்விகள்

கேள்வி: பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். காலையில் கடை திறந்ததும் விண்டோஸ் அப்டேட்டே மொத்த இணையத்தையும் இழுத்துக்கொள்கிறது. அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அப்டேட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் இருக்கிறது. பின்னணிப் பதிவிறக்கத்துக்கு அங்கே உச்சவரம்பு வையுங்கள். உள்ளூர் நெட்வொர்க் பகிர்வை மட்டும் அனுமதித்தால், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே பெறும்.

கேள்வி: கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில் வேக வரம்பை 1000 என்று வைத்தேன். நொடிக்கு 8 மெகாபிட் (8 எம்பிபிஎஸ்) எடுக்கிறது. பழுதா?

பதில்: இல்லை. அங்கே கணக்கு கிலோபைட்டில், உங்கள் இணைய இணைப்பு மெகாபிட்டில். ஒரு பைட் என்பது எட்டு பிட். வரம்பு வைக்குமுன் எட்டால் வகுக்க வேண்டுமா, பெருக்க வேண்டுமா என்று பாருங்கள்.

கேள்வி: பள்ளிக் கணினி அறையில் மாணவருக்குத் தலா 5 ஜிபி டிஸ்க் கோட்டா (டிஸ்க்கில் இட வரம்பு) வைத்தேன். யாரையும் தடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டுதான்.

பதில்: கடைசி வரியில் நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். கோட்டா, கோப்பின் உரிமையாளரைப் பார்த்துக் கணக்கிடுவது. நாற்பது பேர் ஒரே கணக்கில் நுழைந்தால் விண்டோஸுக்கு அவர்கள் ஒரே ஆள். அதுவும் அட்மின் கணக்கு என்றால் வரம்பே கிடையாது. இதே தவறைச் சுமந்துகொண்டு மாதந்தோறும் கடிதம் வருகிறது. மென்பொருள் சரியில்லை என்ற புகாரோடு! ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு (அட்மின் அல்லாத) கணக்கு உருவாக்குங்கள். ஒரு பிற்பகல் வேலை, அவ்வளவுதான். பிறகு, வரம்பு மீறினால் இடம் மறுக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோட்டா வெறுமனே கணக்கு எழுதும். கோட்டாவை இயக்குமுன்பே அந்த டிரைவில் கோப்பு வைத்திருந்தவர்களுக்குப் பொது வரம்பு பொருந்தாது. அவர்களுக்குத் தனித்தனியே வையுங்கள். மீண்டும் சொல்கிறேன்: ஆளுக்கொரு கணக்கு இல்லாமல் எந்த வரம்பும் நிற்காது.

கேள்வி: எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் கோட்டா வைக்க முடியுமா?

பதில்: முடியாது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் நைஸ் கட்டளையால் முன்னுரிமையைக் குறைத்தும் பேக்கப் ஓடும்போது டிஸ்க் திணறுகிறது.

பதில்: நைஸ் சிபியுவுக்கானது. டிஸ்க்குக்கு அயோநைஸ் என்ற கட்டளை, அதில் ஐடில் வகுப்பு (டிஸ்க் சும்மா இருக்கும்போது மட்டும் வேலை). டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் பிஎஃப்க்யூ வகையாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். ‘நன்’ (none, எதுவுமில்லை) என்றிருந்தால் பலனை எதிர்பார்க்க வேண்டாம். கறாரான வரம்புதான் வேண்டுமென்றால், பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பிலேயே படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டுக்கும் எல்லை கட்டலாம்.

கேள்வி: லினக்ஸில் இணைய வேகத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரிக்கிளுக்குச் சில நிரல்கள் கட்டுப்படவில்லையே?

பதில்: அது டிசிபி முறை இணைப்புகளுக்கு மட்டும். ஸ்டாட்டிக்காக, அதாவது தேவையான நூலகங்களை உள்ளேயே சேர்த்துத் தொகுத்த நிரல்களிடமும் செல்லாது.

கேள்வி: கணினி மெதுவாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: எந்த இயங்குதளம், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், டிஸ்க்கா நெட்வொர்க்கா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.