கடைசி வாரத்துக்கும் முழுப்பேரா?

கேள்வி: அப்பா வாழ்நாள் முழுக்கக் குடித்தார். சபைப் பக்கமே வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மனந்திரும்பி, ஜெபித்து, கண்மூடினார். அவர் இரட்சிக்கப்பட்டார் என்கிறார் பாஸ்டர். 40 வருடம் உபவாசம், ஊழியம் என்று ஓடிய அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. இரட்சிப்புக்கு எதுதான் ஐயா அடிப்படை?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது மகளே. நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் என் அம்மாவுக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். ஒரு மழைநாளில் தராசு 16இல் நின்றது. சாக்குக்கும் தண்ணிக்கும் என்று அதிலும் 2 கிலோ கழித்தார்கள். அரைப்பேர்! கணக்கப்பிள்ளை அதைச் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், எழுதுவதை எட்ட நின்று பார்த்தேன். வெகுகாலம் கடவுளையும் கையில் தராசோடுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தேயு 20இல் இயேசு ஒரு திராட்சைத் தோட்டச் சொந்தக்காரரின் கதை சொல்கிறார். விடியற்காலையில் ஆள் எடுத்தவர், பதினோராம் மணி வேளையிலும், அதாவது நம் சாயங்காலம் 5 மணிக்கும், ஆள் எடுக்கிறார். ஒரு மணித்தியாலம் வேலை செய்தவருக்கும் முழுநாள் கூலி. காலையில் வந்தவர்கள், உங்கள் அம்மாவைப் போலவே, முணுமுணுக்கிறார்கள். ஆனால் பேசிய கூலியில் அவர்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை.

வேலைக்குக் கொடுப்பது கூலி, அது கிருபை, அதாவது சம்பாதிக்காமல் கிடைக்கும் தயவு, ஆகாது என்கிறார் அப்போஸ்தலன் பவுல் (ரோமர் 4:4). இரட்சிப்போ தேவனுடைய ஈவு (எபேசியர் 2:8). அப்பாவின் ஒரு வாரத்தையும் அம்மாவின் 40 வருடத்தையும் நிறுத்துப் பார்த்துக் கொடுப்பதல்ல அது. இயேசு சிலுவையில் செய்து முடித்ததுதான் அடிப்படை; விசுவாசம் அதை வாங்க நீட்டும் கை.

அப்போ அம்மாவின் ஊழியம் வீணா? யார் சொன்னது? நற்கிரியை செய்யவே படைக்கப்பட்டோம் என்று இரண்டு வசனம் தள்ளிப் பவுலே சொல்கிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. அதைச் செய்துகாட்ட அப்பாவுக்கு நாள் இருக்கவில்லை. இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்கும்தான். (இந்த விஷயத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும்கூட, கிருபைதான் அடிப்படை என்று 1999இல் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்து கையெழுத்து வைத்துவிட்டார்கள்.)

அதற்காக, அப்பா குடித்தழித்த சம்பளத்தை அம்மா மறக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அது வேறு கணக்கு. அவர் அழுது தீர்க்கட்டும்.

அப்புறம் ஒருநாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, மத்தேயு 20ஐ வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது என் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இந்தத் தொரை எந்தத் தோட்டம்டா?"