தலையணைக்குள் என்ன, கோகோ டப்பாவுக்குள் என்ன?

குன்னூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒருக்களித்துப் படுக்கும் கணவருக்குக் காலையில் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது. எட்டு வயது மகளுக்குத் தூசி பட்டாலே அடுக்குத் தும்மல். மாமியாரோ தம் பழைய இலவம்பஞ்சுத் தலையணையை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையும் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் எந்தத் தலையணைகளை வாங்கலாம், குளிருக்கு இதமாக மாலையில் குடிக்கும் ஹாட் சாக்லேட்டுக்கு எந்தப் பொடி நல்லது என்பவை அவருடைய கேள்விகள்.

கணவரிடமிருந்து தொடங்குவோம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள்பட்டையின் விளிம்புக்கும் காதுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைத் தலையணை நிரப்ப வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் கழுத்து கீழே சரியும், உயர்ந்தால் மேலே வளையும். அவரைச் சுவரில் தோள் படும்படி பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, காதுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். மெத்தையில் தோள் அமிழும் அளவை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதே அவருக்கு வேண்டிய உயரம். கடையில் உப்பலாக நிற்கும் தலையணையின் உயரம் கணக்கில் சேராது. தலையை வைத்து அமுங்கிய பின் மிஞ்சும் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு இதைவிடத் தாழ்வானதே போதும். வலி கைக்கு இறங்கினாலோ விரல்கள் மரத்தாலோ, தலையணையை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மெமரி ஃபோம் என்று கடைக்காரர் வற்புறுத்துவார். அது உடல் வெப்பத்தில் இளகி, குளிரில் இறுகும் பொருள். குன்னூரின் மார்கழி இரவில் படுத்த சிறிது நேரம் வரை பலகை போலத்தான் இருக்கும். துவைக்கத்தக்க பாலியெஸ்டர் ஃபைபர் தலையணைகள் இரண்டை, கணவருக்குச் சற்றுக் கெட்டியாகவும் மகளுக்குத் தாழ்வாகவும், வாங்குங்கள். வாங்கும் முன் நடுவில் மடித்து அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். உடனே விரிந்து பழைய வடிவத்துக்கு வர வேண்டும்; மடிந்தபடியே கிடந்தால் சில மாதங்களில் நடுவில் பள்ளம் விழுந்துவிடும்.

மகளின் தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளின் கழிவு. ஈரக்காற்று உள்ள ஊரில் அவை நன்றாகப் பெருகும். உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தலையணை முழுவதையும் மூடும், ஜிப் வைத்த நெருங்கிய நெசவு உறையொன்றை உள்ளே போடுங்கள்.

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் எளிதில் நீரை உறிஞ்சாது, இலேசாகவும் இருக்கும். ஒரு காலத்தில் உயிர்காப்புக் கவசங்களுக்குள் அதை அடைத்தார்கள். ஆனால் அதைத் துவைக்க முடியாது, துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். வெயிலில் காய வைப்பது ஒன்றே அதற்குப் பராமரிப்பு. குன்னூரில் பனிமூட்டம் விலகாத வாரங்களில் அதுவும் நடவாது. தையலின் ஓரத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி பஞ்சை எடுத்துப் பாருங்கள். பளபளப்பான இளமஞ்சளாக வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. பழுப்பேறி, உருண்டையாகத் திரண்டு, பூஞ்சை வாடை அடித்தால் மாற்றியே ஆக வேண்டும். தலையணையைத் தூக்கி எறியத் தேவையில்லை. புதுப் பஞ்சு மட்டும் வாங்கி, மெத்தைக் கடையில் கொடுத்து அடைத்துக் கொள்ளலாம். வாங்கும்போது சிறிதளவை நீரில் போடுங்கள்: இலவம்பஞ்சு நெடுநேரம் மிதக்கும், வெளுத்த பருத்தி கலந்திருந்தால் அந்த இழைகள் நீரை உறிஞ்சி அமிழும். பேத்தியைப் பாட்டியின் தலையணையில் படுக்க விடாமல் இருப்பது நல்லது. கைக்குழந்தைக்கு ஒரு வயது முடியும் வரை தலையணையே வேண்டாம். கடுகுத் தலையணையும் வேண்டாம். மூச்சுத் திணறும் அபாயம் இருப்பதால் இதில் எந்தச் சலுகையும் சொல்ல மாட்டேன்.

இனி கோகோ. டிரிங்கிங் சாக்லேட்டும் கோகோ பவுடரும் ஒன்றல்ல. டப்பாவின் பின்புறத்தில் சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதலில் சர்க்கரை என்றிருந்தால் நீங்கள் வாங்குவதில் அதுவே அதிகம். 100 கிராமில் 70 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால், 20 கிராம் பொடி போட்ட ஒரு தம்ளரில் 14 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி, ஏற்கெனவே கரைந்திருக்கிறது. ஆகவே சேர்மானத்தில் கோகோ மட்டுமே உள்ள இனிப்பில்லாத பவுடரை வாங்குங்கள். ஒரு தம்ளருக்கு 5 கிராம் போதுமென்பதால் 100 கிராம் டப்பா இருபது தம்ளருக்கு வரும்; விலை கூடுதலாகத் தோன்றினாலும் தம்ளர் கணக்கில் பெரும்பாலும் மலிவாகவே முடியும். காரமூட்டிய கோகோ, அதாவது ஆல்கலி சேர்த்துப் பதப்படுத்தியது (மிளகாய்க் காரம் அல்ல), கருமையாக, புளிப்புக் குறைந்து இருக்கும், குழந்தைகளுக்கு அது பிடிக்கும். காரமூட்டாதது வெளிறிய பழுப்பில் சற்றுப் புளிக்கும். இரண்டும் நல்லவையே.

கோகோவில் கொழுப்பு இருப்பதால் நேராகப் பாலில் கொட்டினால் மிதந்து திரளும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு சிறிது வெந்நீர் விட்டுக் குழைத்துக் கூழாக்கி, சூடான பாலை ஊற்றி ஒரு கொதி விட்டு, டபராவில் நுரை பொங்க ஆற்றிக் கொடுங்கள். கருப்பட்டி விரும்பினால் தனியே கரைத்து வடிகட்டி, பாலை இறக்கி ஆறவிட்ட பின் சேருங்கள். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடக்கூடும். கோகோவில் சிறிதளவு காஃபீன் உண்டு என்பதால் மகளுக்கு மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிட்டு, படுக்கும் முன் பல் துலக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு இது வேண்டாம். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம். உங்கள் ஊர் ஈரத்தில் பொடி கட்டிப்படும் என்பதால், பிரித்தவுடன் இறுக மூடும் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, உலர்ந்த கரண்டியால் மட்டுமே எடுங்கள்.