ஜெனரிக்ஸில் அந்தக் கேள்விக்குறி: வாசகர் ஐயங்களுக்கு விளக்கம்

கேள்வி: இன்டிஜர் என்பது நம்பரின் துணைவகைதானே? அப்படியிருக்க, லிஸ்ட்<நம்பர்> கேட்கும் மெத்தடுக்கு லிஸ்ட்<இன்டிஜர்> கொடுத்தால் ஜாவா கம்பைலர் ஏன் மறுக்கிறது?

பதில்: ஏற்றுக்கொண்டால், அந்த மெத்தட் உங்கள் பட்டியலில் 3.14 என்ற டபுளைச் சேர்த்துவிட முடியும். அது முழு எண்களின் பட்டியல் என்று நம்பியிருக்கும் வேறொரு பகுதி, பின்னர் அதை எடுக்கும்போது முறிந்துபோகும். அர்ரேயில், நம்பர் அர்ரே கேட்கும் இடத்தில் இன்டிஜர் அர்ரேயைக் கொடுக்க ஜாவா அனுமதிக்கிறது. அதற்கு ஈடாக, ஒவ்வொரு முறை எழுதும்போதும் வகையைச் சோதித்து, பொருந்தாவிட்டால் அர்ரேஸ்டோர்எக்செப்ஷனை எழுப்புகிறது. 2004-இல் ஜாவா 5 உடன் வந்த ஜெனரிக்ஸில் (லிஸ்ட் போன்றவை எந்த வகையை வைத்திருக்கும் என்று கோண அடைப்புக்குள் எழுதும் வசதி) வகை விவரம் கம்பைல் ஆனபின் அழிக்கப்படுவதால், நிரல் ஓடும்போது அப்படிச் சோதிக்க வழியில்லை. எனவே வாசலிலேயே தடுக்க வேண்டியதாகிறது.

கேள்வி: எக்ஸ்டெண்ட்ஸ், சூப்பர் இரண்டில் எதை எங்கே எழுதுவது என்பது எப்போதும் குழப்புகிறது.

பதில்: வகைகளின் படிநிலையை மனத்தில் வரைவதை விட்டுவிட்டு, தரவு எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் பாருங்கள். லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> என்றால், உள்ளே இருப்பது நம்பரோ அதன் ஏதோ ஒரு துணைவகையோ என்பது மட்டுமே கம்பைலருக்குத் தெரியும். ஆகவே எடுப்பதெல்லாம் நம்பர் என்ற உறுதி கிடைக்கிறது. ஆனால் 'நல்' என்ற வெற்று மதிப்பைத் தவிர வேறெதையும் நேரடியாகச் சேர்க்க முடியாது. லிஸ்ட்<? சூப்பர் இன்டிஜர்> இதற்கு நேர்மாறு: இன்டிஜரைத் தயங்காமல் சேர்க்கலாம், எடுக்கும்போது எல்லாக் கிளாஸ்களுக்கும் மேல்வகையான ஆப்ஜெக்ட் என்றுதான் கிடைக்கும். கலெக்ஷன்ஸ் கிளாஸில் உள்ள காப்பி மெத்தட் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. அதன் மூலப்பட்டியல் எக்ஸ்டெண்ட்ஸ், இலக்குப்பட்டியல் சூப்பர். ஒரே பட்டியலில் எடுப்பதும் சேர்ப்பதும் நடக்குமானால் வைல்ட்கார்ட், அதாவது அந்தக் கேள்விக்குறி, வேண்டாம்.

எக்ஸ்டெண்ட்ஸ் எழுதினால் பட்டியல் மாறாததாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. கிளியர், ரிமூவ் இரண்டும் அப்போதும் தடையின்றி வேலை செய்யும்.

கேள்வி: <டி எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> என்பதும் <? எக்ஸ்டெண்ட்ஸ் நம்பர்> என்பதும் ஒன்றுதானா?

பதில்: முன்னது வகைக்குப் பெயர் சூட்டுகிறது, பின்னது சூட்டுவதில்லை. உள்ளே வரும் பட்டியலின் வகையும் திரும்பிவரும் மதிப்பின் வகையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று சொல்வதற்குப் பெயர் தேவை; டி போன்ற அந்தப் பெயர், அதாவது டைப் பாராமீட்டர், அதற்காகவே இருக்கிறது. மெத்தட் அறிவிப்பில் அந்தப் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது என்றால், பெரும்பாலும் வைல்ட்கார்டே போதும். டைப் பாராமீட்டருக்கு & குறியிட்டுப் பல எல்லைகள் (எக்ஸ்டெண்ட்ஸுக்குப் பின் வரும் வரம்புகள்) தரலாம், ஆனால் சூப்பர் எல்லை தர முடியாது.

கேள்வி: கம்பேரபிள்<? சூப்பர் டி> என்று ஏன் சுற்றி வளைக்கிறார்கள்?

பதில்: கம்பேரபிள் என்பது ஒரு கிளாஸின் பொருட்களை ஒப்பிட முடியும் என்று அறிவிக்கும் இன்டர்ஃபேஸ். ஜாவாவின் டைம்ஸ்டாம்ப் கிளாஸ், டேட் கிளாஸிலிருந்து பிறந்தது, ஆகவே அது நிறைவேற்றுவது கம்பேரபிள்<டேட்>, கம்பேரபிள்<டைம்ஸ்டாம்ப்> அன்று. லிஸ்ட்<டி> வாங்கி, டி-க்கு கம்பேரபிள்<டி> என்றே எல்லை வைத்து ஒரு மெத்தட் எழுதினால், டைம்ஸ்டாம்ப் பட்டியலை அது ஏற்காது. ஒப்பிடும் திறன் மேல்வகையிலிருந்து வந்தாலும் போதும் என்பதே அந்த சூப்பரின் பொருள்.

கேள்வி: மெத்தட் திருப்பித் தரும் வகையில் வைல்ட்கார்ட் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் தவிருங்கள்; அழைப்பவர் ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்குறியைத் தம் நிரலிலும் சுமக்க நேரிடும்.