70 எம்எம் பிலிமா, 4கே டிஜிட்டலா? திரையில் தெரியும் படத்தைப் பற்றிச் சில கேள்விகள்

புரொஜெக்டர் கேபினில் பல வருடங்கள் பிலிம் ஓட்டியிருக்கிறேன், பிறகு டிஜிட்டலும் ஓட்டியிருக்கிறேன். இரண்டில் எது நல்ல படம் காட்டுகிறது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: ஐமேக்ஸ் பிலிம் 18கே என்கிறார்கள். டிஜிட்டல் 4கே. நான்கு மடங்குக்கு மேல் தெளிவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 'கே' என்பது படத்தின் அகலத்தில் எத்தனை ஆயிரம் பிக்சல் (புள்ளி) என்ற கணக்கு. பிலிமில் பிக்சலே கிடையாது, அதனால் பிலிமுக்குச் சொல்லும் இந்த 'கே' கணக்கு எல்லாமே ஓர் ஊகத்தில் தொடங்குகிறது. லென்ஸும் பிலிமும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் 80 கருப்பு வெள்ளைக் கோட்டு ஜோடிகளைப் பிரித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடிக்கு இரண்டு பிக்சல் வேண்டும். ஐமேக்ஸ் சட்டகம் (பிலிமில் உள்ள ஒரு தனிப் படம்) சுமார் 70 மிமீ அகலம்: 70 × 80 × 2 = 11,200. சாதாரண 70 எம்எம் படங்களைக் கேமராவில் எடுக்கும் 65 எம்எம் நெகட்டிவில் சட்டகம் 52 மிமீ அகலம் என்பதால் சுமார் 8,300 வரும். 80-க்குப் பதில் இன்னும் தாராளமான எண்ணைப் போட்டால் 18கே கிடைத்துவிடும்.

ஆனால் அந்த எல்லைக்குப் போகும்போது கருப்புக் கோடும் வெள்ளைக் கோடும் இரண்டும் சாம்பலாகி ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கியிருக்கும். இது கேமரா நெகட்டிவில் இருப்பதன் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. திரைக்கு வருவது பிரின்ட், அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்து அரங்கில் ஓட்டும் பிரதி. நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த பிரின்ட் என்றால் இழப்பு குறைவு. நெகட்டிவிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து இன்டர்நெகட்டிவ் (இரண்டும் இடைப்பட்ட நகல்கள்), அதிலிருந்து பிரின்ட் என்று போனால் ஒவ்வொரு படியிலும் கூர்மை கொஞ்சம் கரையும். எத்தனை 'கே' என்று கேட்பதை விட, எத்தனை தலைமுறை தாண்டி வந்த பிரின்ட் என்று கேட்டால் உங்களுக்கு நல்ல விவரம் கிடைக்கும்.

கேள்வி: 70 எம்எம் என்றாலே ஐமேக்ஸ்தானே?

இல்லை. பிலிமின் அகலம் ஒன்றுதான், ஓடும் திசை வேறு. சாதாரண 70 எம்எம் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டகத்துக்கு, பிலிமை இழுப்பதற்காக அதன் ஓரத்தில் இருக்கும் துளைகள் 5, திரைக்குப் போகும் பகுதி சுமார் 48.5 × 22 மிமீ. ஐமேக்ஸில் அதே பிலிம் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு சட்டகத்துக்கு 15 துளைகள், சுமார் 70 × 48.5 மிமீ. பரப்பில் மூன்று மடங்குக்கும் மேல். 35 எம்எம் ஸ்கோப் (அகலத்திரை) பிரின்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில்தான் ஐமேக்ஸை முதலில் காட்டினார்கள். இவ்வளவு பெரிய சட்டகத்தைப் பழைய முறையில் வெடுக் வெடுக்கென்று இழுத்தால் துளைகள் கிழிந்துவிடும். அதனால் பிலிமை ஓர் அலை போல உருட்டிக் கொண்டுபோய், சட்டகத்தை ஊசிகளில் பொருத்தி, வெற்றிடத்தால் ஒரு கண்ணாடி மேல் ஒட்டவைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. 35 எம்எம் கேட்டில் (விளக்குக்கு முன் சட்டகம் நிற்கும் இடம்) விளக்கின் சூட்டுக்குப் பிலிம் லேசாக வளையும், ஃபோகஸ் நழுவும். இதில் படம் முழுக்கத் தட்டையாக, ஆடாமல் நிற்கும். விலை என்னவென்றால், நிமிடத்துக்கு 337 அடி பிலிம் ஓடுகிறது. மூன்று மணி நேரப் படம் 18 கிலோமீட்டரைத் தாண்டும்!

கேள்வி: சின்ன வயதில் பார்த்த 35 எம்எம் படங்கள் இன்றைய டிஜிட்டலை விடத் தெளிவாக இருந்ததாக நினைவு. சரிதானா?

உங்கள் நினைவை மதிக்கிறேன், ஆனால் தெளிவைப் பொறுத்தவரை அப்படி இல்லை. திரையரங்குகளில் ஓடிய 35 எம்எம் பிரின்ட்களை 2000-களின் தொடக்கத்தில் அளந்து பார்த்தார்கள். நல்ல அரங்குகளில்கூடப் படத்தின் உயரத்துக்கு ஆயிரம் கோடுகளைத் தொடவில்லை. 2கே டிஜிட்டலிலேயே உயரத்தில் 1,080 பிக்சல் இருக்கிறது. 35 எம்எம் நெகட்டிவ் இதை விட வளமானது, ஆனால் அந்த வளம் பெட்டியில் வந்த பிரின்டுக்கு முழுதாக வந்து சேரவில்லை. பெரிய பிலிமின் பெருமையை 35 எம்எம்முக்குக் கொடுப்பது நியாயமில்லை.

கேள்வி: எங்கே உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். சராசரி நல்ல கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

திரையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 4கே படத்தின் ஒரு பிக்சல் அந்த அளவில் 0.84 பங்குதான், அதாவது கண்ணின் எல்லைக்குள் மறைந்துவிடுகிறது. 2கே பிக்சல் 1.68 வரும், கூர்ந்து பார்த்தால் தெரியும். திரை அகலத்தைப் போல் 1.7 மடங்கு தள்ளிப் போனால் 2கே-வும் மறைந்துவிடும். அங்கே உட்கார்ந்து 4கே-வையும் 2கே-வையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை.

இப்போது ஐமேக்ஸ் அரங்குக்கு வாருங்கள். அங்கே பல இருக்கைகள் திரை அகலத்தில் பாதித் தூரத்தில் இருக்கும், படம் 90 பாகைக்கு விரியும். அங்கே 4கே பிக்சலும் 1.68 ஆகிவிடுகிறது. மேலே சொன்ன 11,200 கணக்கின்படி பிலிம் 0.61-இல் நிற்கும். பெரிய பிலிம் முழுப் பலத்தையும் காட்டுவது இந்த இடத்தில்தான். கடைசி வரிசையில் டிக்கெட் எடுத்துவிட்டு 'பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே' என்றால், அதில் பிலிமின் தவறு ஒன்றுமில்லை.

கேள்வி: கருப்பு எதில் நன்றாக இருக்கும்?

இரட்டை லேசர் டிஜிட்டலில். செனான் விளக்கு போட்ட சாதாரண டிஜிட்டல் புரொஜெக்டரில் முழு வெள்ளைக்கும் முழுக் கருப்புக்கும் விகிதம் சுமார் 2,000:1. இரவுக் காட்சிகளில் கருப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். நல்ல பிரின்டின் கருப்பு அதை விட ஆழமாக இருக்கும். டால்பி நிறுவனத்தின் சிறப்பு அரங்கான டால்பி சினிமாவின் இரட்டை லேசருக்கு 10,00,000:1 என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அந்த அரங்கில் படம் கருப்புக்குப் போகும்போது திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆனால் காட்சியில் வெளிச்சமான பகுதி வந்ததும், சுவரிலும் சட்டைகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி திரையின் கருப்பைக் கெடுக்கும். இதில் பிலிம், டிஜிட்டல் பேதமில்லை.

கேள்வி: பிலிம் 'உயிரோட்டமாக' இருக்கிறது என்கிறார்களே, அது வெறும் பாசமா?

பாசம் மட்டும் இல்லை, அதற்குக் காரணங்கள் உண்டு. பிலிமின் துகள்கள் சட்டகத்துக்குச் சட்டகம் வேறு வேறு இடத்தில் இருக்கும். நொடிக்கு 24 சட்டகம் ஓடும்போது கண் அவற்றைச் சேர்த்து வாசிக்கிறது. ஒரு சட்டகத்தில் இல்லாத நுணுக்கத்தை அடுத்தது நிரப்புகிறது. பிக்சல்கள் ஒரே கட்டத்தில் நிலையாக நிற்பவை. அப்புறம் புரொஜெக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர்: ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு முறை காட்டி, நடுநடுவே திரையை இருட்டாக்குகிறது. டிஜிட்டலில் அந்த இருட்டு இல்லை. சிலருக்கு அந்தத் துடிப்புப் பிடிக்கும், சிலருக்குக் கண் வலிக்கும்.

கேள்வி: நிறம்?

பிலிம் சாயங்களால் வெள்ளை ஒளியிலிருந்து நிறத்தைக் கழிக்கிறது, டிஜிட்டல் மூன்று ஒளிகளைக் கூட்டுகிறது. அதனால் இருண்ட அடர் நீலப்பச்சை போன்றவை பிலிமில் அழகு. பளீரென்ற சிவப்பும் பச்சையும் டிஜிட்டலில் சுலபம்.

கேள்வி: டிஜிட்டலில் எடுத்த படத்தை 70 எம்எம் பிரின்டில் பார்ப்பதில் பயன் உண்டா?

தெளிவு கூடாது. 2கே-யில் முடித்த படத்தை எந்த பிலிமில் அச்சடித்தாலும் உள்ளே இருப்பது 2கே விவரம்தான். பிலிமின் துகளும் நிறமும் பிடிக்கும் என்றால் பாருங்கள், அது நியாயமான ஆசை. டிஜிட்டல் கேமராவே பெரிதாக இருந்தால் கதை வேறு. ஆரி அலெக்ஸா 65-இன் சென்சார் 54 மிமீ அகலம், 6,560 பிக்சல். அதில் எடுத்ததை 70 எம்எம்மில் காட்டும்போது கொடுப்பதற்குப் பொருள் இருக்கிறது.

கேள்வி: டிஜிட்டல் படத்தைச் சுருக்கித்தானே அனுப்புகிறார்கள்?

ஆம். நொடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட். சுருக்காத 4கே-வுக்கு அதைப் போல் முப்பது மடங்கு வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாக, ஜேபெக் 2000 முறையில் சுருக்குவதால் கண்ணுக்குத் தெரிவது மிக அரிது. இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: 4கே என்று போட்டிருந்த அரங்கில் படம் மங்கலாக இருந்தது. ஏன்?

பெரும்பாலும் வெளிச்சம். திரையின் வெள்ளை 48 நிட் (வெளிச்சத்தின் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமா விதி. விளக்கு பழசாக ஆகக் குறையும். ஓர் அரங்கில் நானே பார்த்தேன், 3டி-க்கான வடிகட்டியைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டினார்கள். பாதிக்கு மேல் ஒளி அதிலேயே போய்விட்டது. இடைவேளையில் போய்ச் சொன்னேன், கழற்றினார்கள், இரண்டாம் பாதி வேறு படம் போல இருந்தது. நீங்களும் தயங்காமல் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய பிலிம் பிரின்ட் ஒன்று வருகிறது. கூட்டம் குறைந்ததும், நான்காவது வாரம் போனால் போதுமா?

போகலாம், ஆனால் ஒரு விஷயம். டிஜிட்டல் நூறாவது காட்சியிலும் அதே கோப்புதான். பிலிம் ஒவ்வொரு ஓட்டத்திலும் தூசி வாங்கும், கீறல் வாங்கும். 20 மீட்டர் திரையில் 35 எம்எம் படம் 950 மடங்கு பெரிதாகிறது, ஐமேக்ஸ் 290 மடங்குதான். அதனால் அதே தூசி ஐமேக்ஸில் மூன்றில் ஒரு பங்காகத்தான் தெரியும். கவனமான ஆபரேட்டர் இருந்தால் நான்காவது வாரமும் நன்றாகவே இருக்கும். நானாக இருந்தால் முதல் வாரமே, நடுவிலிருந்து இரண்டு மூன்று வரிசை முன்னால் எடுத்துவிடுவேன்.