பிரசவத் துணைக் குழுவுக்கு மானியம்: ஒரு பிரசவத்தின் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் நாங்கள் நான்கு பேர், இரண்டு கறுப்பினப் பெண்கள், ஒரு மெக்சிகோக்காரர், தமிழ்ப் பெண்ணான நான், மூன்று ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்கு டூலாவாக, அதாவது மருத்துவம் பார்க்காமல் பிரசவத்தின்போது உடனிருந்து ஆதரவு தருபவராக, துணை நிற்கிறோம். எல்லாம் கைக்காசு. முறையாகப் பதிவுகூடச் செய்யவில்லை. மானியம் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. பதிவுக்காக இப்போதே ஓட வேண்டாம். வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு என்ற 501(சி)(3) தகுதிக்கு முழுப் படிவம் போட்டால் கட்டணம் 600 டாலர். ஆண்டு வரவு 50,000 டாலரைத் தாண்டாத சிறு குழுக்களுக்குச் சுருக்கப் படிவம் இருக்கிறது. அது 275 டாலர். காசு பெரிய விஷயமில்லை. அப்புறம் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுவிட்டால் தகுதி தானாகவே பறிபோகும். பிரசவ வலி வந்த வீட்டுக்கு நள்ளிரவில் ஓடுகிறவர்களுக்கு இந்த வேலை எதற்கு?

அந்தத் தகுதி ஏற்கெனவே உள்ள ஓர் அமைப்பின் குடைக்குள் போங்கள். இதை ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்பார்கள். மானியம் அவர்கள் கணக்குக்கு வரும், ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கையெழுத்துக்கு முன் ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: ரசீது கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும்? இதைக் கேட்காமல் போய் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த குழுவை எனக்குத் தெரியும்.

அடுத்து, யாரிடம் கேட்பது. 1994-இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் உருவாக்கிய ‘இனப்பெருக்க நீதி’ (குழந்தை பெறவும், பெறாமல் இருக்கவும், பெற்றதைப் பாதுகாப்பாக வளர்க்கவும் உரிமை) என்ற சிந்தனையின் கிளைதான் உங்கள் வேலை சேரும் பிரசவ நீதி. கிரவுண்ட்ஸ்வெல் ஃபண்ட் போன்ற நிதியங்கள் அந்த வழியில் வந்தவை. வெள்ளையரல்லாத பெண்கள் தலைமை தாங்கும் குழுக்களைத் தேடிக் கொடுப்பவை. இவர்கள் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள் என்பதோடு நிறுத்த மாட்டார்கள். குழுவில் முடிவெடுப்பது யார், மருத்துவமனையிலோ சட்டத்திலோ எதை மாற்றப் பார்க்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். சேவை மட்டும்தான் செய்கிறோம் என்றால் உள்ளூர் அறக்கட்டளைகள்தான் உங்களுக்குத் தோதான இடம்.

எந்தத் தனியார் அறக்கட்டளையானாலும் அதன் 990-பிஎஃப் வரிப் படிவத்தைப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும், யாரும் பார்க்கலாம். அவர்கள் கொடுத்ததிலேயே சிறிய தொகை ஒரு லட்சம் டாலர் என்றால், அங்கே மினக்கெட வேண்டாம்.

விண்ணப்பத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: அமெரிக்காவில் 2023-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் இறப்பு 50.3, வெள்ளையரில் 14.5. உண்மைதான், கொடுமைதான். ஆனால் படிப்பவருக்கு அது மனப்பாடம். அதை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஒரே ஒரு பிரசவத்தின் கணக்கை எழுதுங்கள். பிரசவத்துக்கு முன் மூன்று தடவை வீட்டுக்குப் போனது, மருத்துவமனையில் இருபது மணி நேரம் உடன் நின்றது, பார்க்கிங் கட்டணம், அந்த இரவு உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்த பணம், மறுநாள் வேலைக்குப் போகாததால் போன சம்பளம். நான்கு பேரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள். ‘தன்னார்வம்’ என்று எழுதி அந்தத் தொகையை மறைக்காதீர்கள். உங்கள் ஊதியத்தைப் பட்ஜெட்டில் முதல் வரியாகப் போடுங்கள்.

நியூஜெர்சியில் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு, 2021 முதல் டூலாவுக்குப் பணம் தருகிறது. அதில் டூலாவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆனால் மானியம் தீர்ந்த பிறகு என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அதுவே நல்ல பதில்.

ஓர் எச்சரிக்கை. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் நடத்திய மானியப் போட்டியை 2024 ஜூனில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தடுத்து நிறுத்தியது. செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டமே மூடப்பட்டது. உங்கள் தலைமையில் யார் யார் என்று தாராளமாக எழுதுங்கள். சேவை இன்னாருக்கு மட்டும் என்று எழுதும் முன் ஸ்பான்சரின் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

முழு விண்ணப்பத்தில் இறங்கும் முன் நிதியத்தின் திட்ட அலுவலருக்கு இரண்டு பத்தியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ‘இது எங்களுக்குப் பொருந்தாது’ என்று பதில் வந்தாலும் சரி, மூன்று வாரம் மிச்சம்.